டவர் இல்லாத ஊர்

அக்காவின் மெசேஜ் வியாழக்கிழமை வந்தது. "சனிக்கிழமை காலைல ஃப்ரீயா இருப்பியா? கொஞ்சம் பேசணும்." அவ்வளவுதான். சின்னவன் அதை நூலகத்தில் உட்கார்ந்து படித்தான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விட்ட வரியிலிருந்து பாடத்தைத் தொடர்ந்தான். நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை.

அவன் வீட்டில் ஒரு வழக்கம். வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைக்குக் கெட்ட செய்தி வாரநாளில் போகாது. படிப்பு கெட்டுவிடுமாம். பெரியப்பா செத்தது, அப்பாவின் கடை தீப்பிடித்தது, வீட்டு நாய் லாரியில் அடிபட்டது, எல்லாமே ஆறப்போட்டு ஒரு சனிக்கிழமை காலையில் அக்கா வாயால்தான் வந்தன. அதுவரை யாரைக் கூப்பிட்டாலும் பூசி மெழுகுவார்கள். அந்த வேலையில் அந்தக் குடும்பத்தில் ஆளுக்கு ஆள் கொத்தனார்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். "சும்மா ஒரு செக்கப்" என்றார் அப்பா. செக்கப்புக்குத் தலையணையும் போர்வையும் கட்டிக்கொண்டு யார் போவார்கள்? அம்மாவிடம் கொடுங்கள் என்றால் தூங்குகிறாள் என்றார்கள். அந்த வாரம் எப்போது கேட்டாலும் தூங்கினாள். அதற்குமேல் இந்த மெசேஜ். அம்மா போய்விட்டாள், சனிக்கிழமை சொல்லப்போகிறார்கள் என்று சின்னவன் தானாகவே கணக்கை முடித்துக்கொண்டான்.

அறையில் கூட இருப்பவனை எல்லோரும் டாக்டர் என்பார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. முடிவேனா என்று அடம்பிடிக்கிற ஒரு ஆராய்ச்சியைப் பல வருடமாக மேய்த்துக்கொண்டிருப்பவன். அன்று மாலை அவன், "சனி ஞாயிறு மலைக்குப் போறேன், வர்றியா? உச்சில ஒரு சின்ன ஊரு. டவர்கூட கெடையாது, அப்புறம் என்னைத் திட்டாத" என்றான்.

"டவர் சுத்தமா இல்லையா?"

"சுத்தமா."

"அப்ப வர்றேன்."

அக்காவுக்குப் பதில் போடவில்லை. காதில் விழாதவரை நடக்கவில்லை என்பது அவனுடைய வாதம். மேற்படிப்புக்குக் கடல் தாண்டி வந்த பிள்ளைக்கு இந்த மட்டுக்குத்தான் மூளை வேலை செய்தது.

வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸில் ஏறிப் போனார்கள். சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த வீடுகளில் ஒன்றில் மாடி அறை கிடைத்தது. ஈரவாடை அடிக்கிற கம்பளி, ஆடுகிற கட்டில், சரியாக மூடாத ஜன்னல். காலையில் ஜன்னலுக்கு வெளியே பனி விலக மலை மொத்தமும் தெரிந்தது. டாக்டர் ஆவென்று வாயைப் பிளந்து பார்த்தான். சின்னவன் பல் தேய்த்தான். மலை அழகாக இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது, ஆனால் அது யாருக்கோ வந்த பார்சல் மாதிரி வாசலிலேயே நின்றது.

"கீழ மாடிப்படி பக்கத்துல லேண்ட்லைன் இருக்குடா" என்றான் டாக்டர். "வீட்டுக்குப் பேசணும்னா பேசிக்கோ. அந்தம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"எதுக்கு? எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

டாக்டர் நடக்கக் கிளம்பியதும் அவன் கீழே இறங்கிவந்து அந்தப் போனுக்கு எதிரே நின்றான். ரிசீவரில் தூசி இல்லை. தினமும் துடைப்பார்கள்போல. அம்மா செத்துவிட்டாள் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். அழுகை வரவில்லை, பசி வந்தது. வீட்டுக்காரம்மா ரொட்டி வைத்தாள். தின்றான். மத்தியானமும் தின்றான். மறுநாள் மத்தியானம் வரை தூங்கினான், எழுந்தான், டாக்டரின் மொக்கை ஜோக்குகளுக்குச் சரியான இடத்தில் சிரித்தான்.

ஞாயிறு சாயங்காலம் பஸ் கீழே இறங்கியபோது ஒரு வளைவில் டவர் வந்தது. போன் சட்டைப்பையில் விடாமல் துடித்தது. எல்லாம் அக்கா. முதலில் இருந்தவை சனிக்கிழமை காலையில் வந்தவை.

"எங்கடா இருக்க? அம்மாவுக்கு இன்னைக்கு நல்லா நெனவு இருக்கு. உன்னத்தான் கேக்குறாங்க."

"இந்தத் தடவ உன்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு அப்பாகிட்ட சண்டை போட்டிருக்கேன். எடுடா."

ஒரு வாய்ஸ் மெசேஜும் இருந்தது. அக்கா ஏதோ பேசிக்கொண்டிருக்க, பின்னால் அம்மாவின் குரல் தேய்ந்து கேட்டது: "தூங்குறான்போல. விடு, எழுப்பாத."

அவன் கூப்பிட்டான். அக்கா உடனே எடுத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"நேத்து ராத்திரிலேர்ந்து கண்ணு தொறக்கல. டாக்டருங்க இனிமே செய்றதுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. காதுகிட்ட வைக்கிறேன், பேசு."

"என்னக்கா பேசுறது?"

"எதையாவது பேசு."

போன் எதிலோ உரசும் சத்தம். பிறகு ஒரு மெஷின் விட்டுவிட்டுக் கூவியது.

"அம்மா" என்றான். "நேத்து போன் வந்தது தெரியலம்மா. அங்க டவர் இல்லம்மா, அதான்."

சின்ன வயதிலிருந்து அவன் எந்தப் பொய் சொன்னாலும் அம்மா வாதாட மாட்டாள். "ம்ம்ம்" என்று ஒரு இழுப்பு இழுப்பாள், அதிலேயே குட்டு உடைந்துவிடும். அதற்காக அவன் காத்திருந்தான். மெஷின்தான் கூவியது.

"அழாதடா" என்றாள் அக்கா.

அவன் அழவில்லை. போனை வாயருகே கொண்டுபோய், பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி இன்னும் சத்தமாக, "டவர் இல்லம்மா" என்றான்.