முறையற்ற விதத்தில் கழுவியதால்

சவப்பெட்டியைச் சுமந்து வந்த ஆறு பேரும் தேவாலய வாசலில் நின்றுவிட்டார்கள். கதவுக்குக் குறுக்கே மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. அந்தப் பக்கம் பாரம்பரியச் சின்னங்கள் துறை அதிகாரி குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

"பெட்டிய இங்கயே தாழ்வாரத்துல வச்சிடுங்க. உள்ள தரை பாரம் தாங்காது. முந்நூறு வருஷத்துக் கல்லு."

மழை வலுத்தது. பெட்டி மேலிருந்த வெள்ளைத் துணி நனைந்து மரத்தோடு ஒட்டிக்கொண்டது. இறந்தவளின் மகள் பாதிரியாரைப் பார்த்தாள். அவர் ஜெபப் புத்தகத்தில் பக்கம் தேடினார்.

"அந்தக் கல்ல நாப்பது வருஷம் துடைச்சவங்கதான் பெட்டிக்குள்ள இருக்காங்க," என்றாள்.

"தெரியும்மா. அறிக்கையிலயே எழுதியிருக்கோம்."

அறிக்கை அவளுக்கு மனப்பாடம். அதற்கு வழிவகுத்த மனுவை எழுதியவளே அவள்தான். பேரூராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மனு எழுதுவது கைவந்த கலை. பாரம்பரியச் சின்னமாக அறிவித்தால் ஒழுகும் கூரையை அரசாங்கமே சரிசெய்யும் என்று நம்பினாள். அறிவிப்பு வந்த அன்று அம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்ப இனிமே வாளி வைக்க வேண்டாமா?"

கூரைமேல் யாரும் ஏறவில்லை. அறிக்கைதான் வந்தது. 'பல்லாண்டுகளாகச் சோப்புத் தண்ணீரால் முறையற்ற விதத்தில் கழுவியதால், தரையில் பதித்த கல்லறைக் கற்களின் எழுத்துகள் சிதைந்துள்ளன.' பாதிரியார் அதை ஊர்க் கூட்டத்தில் உரக்க வாசித்தார். அம்மா எழுந்து, தன்னிடமிருந்த தேவாலயச் சாவியைக் கடைசி பெஞ்சில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் சமையலறைத் தரையை மூன்று தடவை துடைப்பாள்.

"எழுத்து அழியும்னு எனக்கு யாரும் சொல்லலியே," என்று ஒரு தடவை சொன்னாள். அவ்வளவுதான். எட்டு மாதம் கழித்து, ஐந்து நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

"அக்கா, இன்னிக்கு வேணாம். இங்கயே முடிச்சிடலாம்," என்றான் தம்பி. பெட்டியின் முன்பக்கம் அவன் தோளில் இருந்தது.

"உனக்குத் தோள் வலிக்குதா?"

"அதில்லக்கா..."

"அப்பப் பேசாம நில்லு."

கயிற்றின் முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. நகம் கிழிய அவிழ்த்தாள்.

"நான் மேலிடத்துக்கு எழுதவேண்டி வரும்மா."

"எழுதுங்க. பதில் எழுத எனக்கும் தெரியும்."

பெட்டி உள்ளே போனது. எந்தக் கல்லும் அசையவில்லை. பீடத்துக்கு இடப்பக்கம் கூரை சொட்டிக்கொண்டிருந்தது; கீழே வாளி இல்லை. பாதிரியார் அவசரமாக ஜெபித்தார். "இந்த ஆலயத்தை உயிராக நேசித்த..." என்று தொடங்கியபோது மகள் தலை நிமிர்த்தி அவரையே பார்த்தாள். அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போன பிறகுதான் அவள் எழுந்தாள். நடுப்பாதை முழுக்கச் சேற்றுக் காலடிகள். துடைக்கத் துணி தேடிக் கை தானாக நீண்டது. மடக்கிக்கொண்டாள்.

அதிகாரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் சிறிய அளவுகோல் ஒன்றை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஓரமாகப் போக இடம் இருந்தது. அவள் நடுவிலேயே நடந்தாள்.

அவர் அளவுகோலை எடுத்து, புதிதாக விழுந்த தடத்தின் பக்கத்தில் வைத்தார்.