கழுத்துச் சாய்வு

கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என் நாத்தனார். கற்றுக்கொடுக்கத்தான் அவருக்கு வாய் வரவில்லை. "பாத்துப் பழகிக்கோ," என்பார், அதோடு சரி.

பார்த்தேன். வெட்டும் கருவியின் குட்டிச் சக்கரத்தை எண்ணெயில் தொட்டார். மூச்சை அடக்கினார். கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, கண்ணாடிக்கு அடியில் தெரிந்த கோட்டின் மேல் ஒரே இழுப்பு. மேசை விளிம்பில் வைத்து அழுத்தியதும் கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டது.

நானும் எண்ணெய் தொட்டேன், மூச்சை அடக்கினேன், கழுத்தைச் சாய்த்தேன். வெட்டு கோட்டை விட்டு விலகியது. இன்னும் சாய்த்தேன். கழுத்து வலிதான் மிச்சம்.

நான் வீணாக்கிய துண்டுகள் கிடந்த குப்பைத் தொட்டியை முதலாளி எட்டிப் பார்த்தார். "நாளைக்கும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்குறேன்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சம்பளத்தை நம்பித்தான் தனி வீடு பார்த்திருந்தோம். விடுவதாக இல்லை.

மறுநாள் நாத்தனாரின் இடப்பக்கம் டீயை வைத்தேன். கை தட்டிக் கொட்டிவிட்டார்.

"அந்தப் பக்கம் வைக்காத," என்றார். குரல் இறங்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய இடது கண் என்னைப் பார்க்கவே இல்லை.

"எப்பலேருந்து அண்ணி?"

"முதலாளிக்குத் தெரிஞ்சா அனுப்பிருவாரு. வேலையப் பாரு."

அப்போதுதான் புரிந்தது. நல்ல கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவரத்தான் அவர் சாய்ந்திருக்கிறார். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற நான், அதையும் தொழில் என்று நினைத்துச் சேர்த்துப் பழகியிருக்கிறேன். கழுத்தை நிமிர்த்தி இழுத்தேன். கண்ணாடி கோட்டிலேயே பிளந்தது.

முதலாளி வந்து என் துண்டை அளந்தார், தலையாட்டினார். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பொண்ணு நிமிந்துதான வெட்டுது. நீ ஏன்மா சாயுற? கண்ணுல ஏதாவது கோளாறா?"

நாத்தனாரின் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த கை அது.

அடுத்த கண்ணாடியை எடுத்துப் போட்டேன். முதலாளிக்கு முதுகைக் காட்டி நின்று, எண்ணெய் தொட்டு, கழுத்தை நன்றாகச் சாய்த்தேன். இந்த முறை இடது கண்ணையும் மூடிக்கொண்டேன். ஒரே இழுப்பு. மயிரிழை பிசகாமல் பிளந்தது.

"எங்க வீட்டுல எல்லாரும் இப்படித்தான் வெட்டுவோம் சார்," என்றேன்.