அங்க அடையாளம்

"பேரு என்ன போடணும்ணே? சொன்னாத்தான பிரிண்ட் போட முடியும்" என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

ஜூடு போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். ஷெரின் அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு சரியாகத்தான் விழுந்திருந்தது. அதை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

"அக்கா, கேக்குறாருல்ல."

"செத்த பொறுக்கச் சொல்லு."

அதிகாலை ஐந்தரைக்கு உயிர் போயிருந்தது. இப்போது எட்டு மணி. திருநகரைத் தாண்டி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் அந்தத் தெருவில் செய்தி ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது. சுவரொட்டி ஒட்டும் பையன்கள் கூட வாசலில் வந்து நின்றாயிற்று. பெயர் மட்டும்தான் பாக்கி.

அப்பாவுக்கு இரண்டு பெயர்கள். மாதா கோவிலில் சவரியப்பன். அதே வளாகத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் மொக்கைச்சாமி. முப்பத்தாறு வருடம் அங்கே கிளார்க்காக இருந்தவர். சம்பளப் பட்டியலில் மொக்கைச்சாமி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் பூசையில் சவரியப்பனாக வாசகம் வாசிப்பார். யாரும் அதை விசித்திரமாக நினைத்ததில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான்.

ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த ஜனம். அதே தெரு, அதே சாதி, ஊர்க் கிணற்றடியில் அதே ஏச்சு. ஆனால் மதம் என்ற கட்டத்தில் கிறிஸ்தவம் என்று எழுதிவிட்டால் எஸ்.சி. பட்டியலில் இடமில்லை. ஸ்காலர்ஷிப் கிடையாது, ஹாஸ்டல் கிடையாது, பின்னால் வேலையும் கிடையாது. அதனால் ஜூன் மாதம் சேர்க்கைக்குப் பிள்ளையைக் கூட்டி வருபவர்களிடம் அப்பா பேனா மூடியைத் திறக்காமலே கேட்பார்: "மேல படிக்க வைக்கப் போறியாப்பா?" ஆமாம் என்றால் அட்மிஷன் ரிஜிஸ்தரில் ஒரு புதுப் பெயர், இந்து, அவர் யோசித்துப் போட்ட ஒரு பிறந்த தேதி. கடைசிக் கட்டம் அங்க அடையாளம். அதற்கு மட்டும் எழுந்து வந்து, பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மச்சமோ தழும்போ தேடி எழுதுவார். அந்த வரியில் அது ஒன்றுதான் உண்மை.

ஷெரினை ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்று, பாண்டிமீனா, வலது காதுக்குக் கீழே ஒரு மச்சம் என்று எழுதினார். பிறகு அவளைக் கூட்டிப் போய் பள்ளிக்கூடம், கோவில் இரண்டு கேட்டுக்கும் நடுவில் நிறுத்தினார். "இந்தக் கேட்டுக்குள்ள போனா பாண்டிமீனா. அந்தக் கேட்டுக்குள்ள போனா ஷெரின். ஓடுறப்ப மறந்துறாத." அவள் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் ஷெரின் என்று கூப்பிட்ட அதே சிஸ்டர், திங்கட்கிழமை அட்டெண்டன்ஸில் பாண்டிமீனா என்று வாசிப்பார். சிஸ்டருக்கும் நாக்கு ஒருநாளும் புரண்டதில்லை.

பாண்டிமீனா என்ற பெயரில்தான் அவள் கணக்கு டீச்சரானாள். அரசுப் பள்ளியில் பதினான்கு வருடச் சர்வீஸ். மூன்று வாரத்துக்கு முன்னால் யாரோ அவள் மேல் மனுப் போட்டிருந்தார்கள். கிறிஸ்தவர், பொய்யாகச் சாதிச் சான்று வாங்கியவர் என்று. கூடவே ஒரு கிறிஸ்துமஸ் போட்டோ. திங்கட்கிழமை காலை பத்தரைக்கு விசாரணை. இன்று சனி.

"மீனா, இங்க வா" என்று பின்வாசலிலிருந்து அவள் கணவன் முத்துக்குமரன் கூப்பிட்டான். அவன் வீட்டில் சிலுவை கிடையாது. அவன் அவளை வேறு பெயரில் கூப்பிட்டதும் கிடையாது. தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சாயங்காலம் நீ பெட்டிக்குப் பின்னாடி நடந்து போற. எவனாவது ஒரு போட்டோ எடுக்குறான். அம்புட்டுத்தான், வேற ஆதாரமே வேணாம். வேலை போறது மட்டுமில்ல, கேசாயிரும். நாளைக்கு நம்ம பொண்ணு பவதாரிணி சர்டிபிகேட்டும் போச்சு. அவ பன்னெண்டாவது."

"எனக்குத் தெரியாதா?"

"மாமா ரெக்கார்டுல இந்துதான. தத்தனேரி சுடுகாட்டுக்குக் கொண்டு போயிருவோம். கார்ப்பரேஷன்ல ஒரு ரசீது குடுப்பான். அதக் கொண்டு போய் திங்கக்கிழமை மேசையில வச்சா, ஒருத்தன் வாயத் திறக்க முடியாது."

அவள் அவனைத் திட்டியிருக்க வேண்டும். திட்ட வேண்டும் என்று தோன்றாததுதான் அவளைப் பயமுறுத்தியது. தத்தனேரி என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்து மூச்சு விட்டது. அதை அவளே கேட்டாள்.

உள்ளே போய் ஜூடுவை அடுப்படிக்கு அழைத்தாள். பத்தாவது தவறிய பிறகு அவனுக்குப் பள்ளிக்கூடத்துப் பெயர் தேவைப்படவில்லை. பழங்காநத்தத்தில் வேன் ஓட்டுகிறான். ஜூடாகவே இருந்துவிட்டான்.

"எரிச்சிரலாமாடா?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கேஸ் அடுப்பின் குமிழைத் திருகித் திறந்து, மறுபடி மூடினான்.

"அம்மா பக்கத்துல குழி வெட்ட ஆள் இறங்கியாச்சுக்கா."

"நிறுத்தச் சொல்ல முடியாதா?"

"அப்பா உங்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. இத மட்டுந்தான் கேட்டாரு."

அது முழு உண்மை இல்லை. இன்னொன்றும் கேட்டிருந்தார். மனு விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் கஞ்சி ஊட்டும்போது, வாயைத் துடைக்க வந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எழுதுனது தப்பாம்மா?" என்றார். அவள் கஞ்சி ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கண்ணை மூடியிருந்தார். பதிலை அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"என்னடி குசுகுசுன்னு?" அப்பாவின் தங்கை சோணையம்மாள் அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். ஞானஸ்நானம் வாங்காத பக்கத்து உறவு, நெற்றியில் திருநீறு. "எரிக்கவா? எங்கண்ணன் எந்தச் சாமியக் கும்பிட்டா எனக்கென்ன. பொண்டாட்டி பக்கத்துல படுக்கணும்னான். அதக்கூடச் செய்யாம என்ன பிள்ளைக நீங்க?"

"அத்தை, என் வேலை..."

"வேல போனா வேற வேல. பெத்த அப்பனுக்கு ஒரு பிடி மண்ணு போட மாட்ட, நீயெல்லாம் டீச்சரு."

கூடத்தில் ஃப்ளெக்ஸ் கடைக்காரரின் அழைப்பு மறுபடி அடித்தது. ஜூடு எடுத்தான்.

"பேரே வேணாம்ணே. போட்டோ மட்டும் போடுங்க. ஆமா, கீழ தேதி. மொகத்தப் பாத்தா ஊருக்குத் தெரியும்." வைத்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நீ கோவிலுக்கு வர வேணாம். கல்லறைக்கும் வேணாம். பள்ளிக்கூடத்துப் பக்கமா நின்னுக்க. அங்க நீ நிக்கலாம்ல."

அவன் குத்திக்காட்டித்தான் சொன்னானா, வழிதான் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

முத்துக்குமரன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். மூன்றரைக்கு, பெட்டியை மூடுவதற்கு முன்னால், ஷெரின் அப்பாவின் கன்னத்து மச்சத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக இறங்கினாள். செருப்பைப் போட்டுக்கொண்டது நினைவில்லை.

பள்ளிக்கூடத்துக் கேட்டில் துப்புரவு வேலை பார்க்கும் மலையம்மாள் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை லீவு. பூட்டு மட்டும் திறந்து தொங்கியது.

"வா பாண்டிமீனா" என்றாள் மலையம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாடையால் உள்ளே காட்டினாள். "நீயுமா? உள்ள ஆளுக இருக்காக. எல்லாருக்கும் சர்டிபிகேட் காப்பி வேணுமாம். ஆபீஸ் பூட்டிக் கெடக்கு, கிளார்க்கு செத்துக் கெடக்காரு, இன்னைக்குப் பாத்து சர்டிபிகேட்டு."

வேப்பமரத்தடியில் ஆண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இஸ்திரி போட்ட சட்டைகள். ஒருவர் கையில் ஹெல்மெட். தாலுகா ஆபீசில் இருக்கும் தமிழ்மாறனை அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வேறு பெயரில் பாடகர் குழுவில் இருந்தவன். அவன் அவளைப் பார்த்தான், பிறகு மரத்தைப் பார்த்தான். வராந்தாவில் பெண்கள். ஒரு நர்ஸ், இரண்டு டீச்சர்கள், பேங்க் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்த ஒருத்தி. யாரும் வணக்கம் சொல்லிக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் மட்டும், கேட்காமலே, "டி.சி. நகல் வாங்க வந்தேன்" என்றாள்.

"நானும்" என்றாள் ஷெரின்.

ஆண்கள் மரத்தடியிலும் பெண்கள் வராந்தாவிலும் நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. கால்கள் தாமாக அங்கே போயிருந்தன. அது அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய வழக்கம். அறுபது வருடம் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்த பள்ளியில், எழுபத்து நான்கில்தான் முதன்முதலாக ஒன்பது பெண் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். வகுப்பில் பையன்கள் இருக்கும்போது பெண்கள் தனியாக உள்ளே நுழையக் கூடாது. சார் வரும்வரை வராந்தாவில் சுவரோரமாக நின்று, அவருக்குப் பின்னால் வரிசையாக நுழைந்து, அவருக்குப் பின்னால் வரிசையாக வெளியேற வேண்டும். ஷெரின் காலத்திலும் அப்படித்தான். மழைச் சாரல் அடிக்கிற நாட்களில் அப்பா ஆபீஸ் அறைக் கதவைத் திறந்து வைத்து, "உள்ள வந்து நில்லுங்கத்தா" என்பார். அந்த ஒன்பது பேரின் பெயரை ரிஜிஸ்தரில் எழுதியவரும் அவர்தான். இப்போது அந்தக் கதவில் பூட்டு.

மாதா கோவில் துக்க மணி விட்டுவிட்டு அடித்தது. பூசை முடிந்து பெட்டி வெளியே வந்தது. ரோட்டில் போவது கம்பி கேட்டின் இடைவெளியில் தெரிந்தது. முன்னால் சிலுவை, பிறகு பங்குச் சாமியார், ஜூடுவின் தோள், கறுப்புப் பெட்டியின் ஒரு மூலை. கூட்டம் சிறியது. இந்தப் பக்கம் நிற்பவர்களைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மரத்தடியில் இருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். வராந்தாவில் பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். சார் கடந்து போனால் நிற்பது போலத்தான். பின்னால் நடப்பதுதான் அடுத்து செய்ய வேண்டியது. யாரும் நடக்கவில்லை.

கல்லறை, மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கம். சுவரின் மேல் கண்ணாடித் துண்டுகள் பதித்திருந்தார்கள். ஷெரின் கொடிக்கம்பம் வரை போனாள். அதற்கு மேல் சுவர். ஜெபம் அரைகுறையாகக் கேட்டது. பிறகு கயிறு உரசும் ஓசை. பிறகு சோணையம்மாளின் குரல், "அண்ணே" என்று ஒரே ஒரு முறை. பிறகு பெட்டியின் மேல் மண் விழும் சத்தம். முதல் பிடி, இரண்டாவது, அப்புறம் எண்ண முடியவில்லை.

அவள் குனிந்து கொடிக்கம்பத்தடியில் ஒரு பிடி மண்ணை அள்ளினாள். செம்மண், சரளைக்கல் கலந்தது. கையை உயர்த்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு போன் கேமரா மேலே நீண்டு, கூட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. யாருடைய கை என்று தெரியவில்லை. உயர்த்திய கை இறங்கியது. விரல்கள் திறக்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது மரத்தடியில் யாரும் இல்லை.

ஆரப்பாளையம் பஸ்ஸில் இடம் இருந்தது. கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். ஷெரின் இடது கையை நீட்டி வாங்கினாள்.

"சோத்தாங்கைல வாங்கக் கூடாதாம்மா?" என்றார் அவர், கோபமில்லாமல்.

பழங்காநத்தத்தில் பஸ் நின்றது. முன்னால் ஏதோ லாரி திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு நேரே, வேன் ஸ்டாண்டின் கம்பத்தில் ஜூடுவின் சிநேகிதர்கள் கட்டிய ஃப்ளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி. அப்பா சட்டைப் பையில் பேனாவோடு, ஓய்வு பெற்ற நாளில் எடுத்த படம். பெரிதாக்கியதில் கன்னத்து மச்சம் ஒரு காசு அளவுக்கு இருந்தது. தோற்றம், மறைவு. மேலே பெயருக்கான இடம் வெள்ளையாகக் கிடந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்தாள். மடியில் காய்கறிப் பை.

"இதென்ன, பேரே போடாம வச்சிருக்காக. மச்சத்தப் பாத்தா எங்கயோ பாத்த ஆளாட்டம் இருக்கு. உங்களுக்குத் தெரியுமாக்கா?"

லாரி திரும்பிவிட்டது. பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது.

"தெரியலங்க" என்றாள்.

மூடியிருந்த வலது கையை மடியில் வைத்து, அதன் மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.