மூன்று நாள் இரவல்

ஜாவாவில் ஓர் ஊரின் நடுவில், பழைய பேருந்து நிலையம் இருந்த பொட்டலில், நகராட்சி அரசுப் பணத்தில் ஒரு பூங்கா கட்டி முடித்தது. வளைவு வாயில், நீரூற்று, யானை உயரத்துக்குப் பெயர்ப் பலகை. ஆளுநர் வந்து திறக்க ஐந்தே நாள் இருக்கையில்தான், செடி வாங்கப் பணம் மிச்சமில்லை என்பது தெரிந்தது. அங்கே பச்சையாக இருந்தது காவலாளியின் கூண்டு மட்டும், அதுவும் பெயின்ட்.

பூங்கா அதிகாரி ஹெந்தார்தோ, பின்சந்தின் தெருத் தலைவர் துர்முதியைக் கூப்பிட்டு, ஐயா என்கிற மரியாதைக்கு வாய்க்கு வாய் "பாக்" போட்டு, சூடான தேநீரும் வறுத்த சோயா டெம்பேயும் வைத்தார். அப்போதே துர்முதி எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

"உங்க சந்துல வீட்டுக்கு வீடு பூந்தொட்டியாமே, பாக். மூணே நாள் இரவல் கொடுங்க. விழா முடிஞ்சதும் வாசல்ல கொண்டாந்து இறக்கிடறோம்."

முகத்துக்கு நேரே மறுக்கும் வழக்கம் துர்முதியின் பரம்பரையிலேயே கிடையாது. தலையாட்டினார். ஆட்டிய களைப்பு தீர இன்னும் இரண்டு துண்டு டெம்பே சாப்பிட்டார்.

நாற்பத்திரண்டு தொட்டிகள் லாரி ஏறின. ஒவ்வொரு வாசலிலும் "மூணு நாள், என் பொறுப்பு" என்றார். தலைவர் வீட்டுச் செடி மட்டும் போகாவிட்டால் நன்றாயிருக்குமா? மனைவி வினார்சி குர்ஆன் ஓதல் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவளுடைய ஆந்தூரியத்தையும் ஏற்றிவிட்டார். அந்தச் செடி மோகம் ஜாவாவைப் பிடித்து ஆட்டிய வருஷம், ஒருவன் அதற்கு மோட்டார் சைக்கிளே தருவதாகக் கேட்டான். வினார்சி கொடுக்கவில்லை. மறுவருஷம் அதற்கு ஒரு சைக்கிள் மணிகூடக் கிடைத்திராது. அன்றிலிருந்து அவள் அதைப் பெற்ற பிள்ளைபோல் வளர்த்தாள். விற்காதது சரிதான் என்று ஊருக்குக் காட்ட வேண்டுமே.

"செடி எங்க, பாக்?"

"பூங்காவுல. மூணு நாள்தான்."

"குளியலறைக்கு ஓடு போடறதும் மூணு நாள்னுதான் சொன்னீங்க. ரெண்டு நோன்புப் பெருநாள் போயாச்சு."

ஆளுநர் வந்தார், பசுமையைப் புகழ்ந்தார், போனார். நாலாம் நாள் துர்முதி அலுவலகத்துக்குப் போனார். தூய்மை நகர விருதுக்கு நடுவர்கள் வருகிறார்களாம். இன்னும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டுமாம். தலையாட்டினார். வீட்டுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போனார்.

தண்ணீர் ஊற்ற நகராட்சி ஆள் போடவில்லை என்று கேள்விப்பட்டதும் வினார்சி வாளியைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பினாள். அவளைப் பார்த்து மற்ற வீடுகளும் கிளம்பின. முதலில் தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு யார் தொட்டி நிழலில் கிடக்கிறது என்று சண்டை போட்டார்கள். சண்டைக்கு நேரம் பிடித்ததால் பாய் கொண்டுவந்தார்கள். பாய்க்குப் பின்னால் வாழைப்பழ பஜ்ஜி வந்தது, சதுரங்கப் பலகை வந்தது. அடுத்த சந்துக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து, தங்கள் தொட்டிகளை ஏன் யாரும் கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போனார்கள்.

விருது கிடைத்தது. மறுவாரம் ஹெந்தார்தோ பூங்காவுக்கு லாரியோடு வந்தார். துர்முதிக்கு உயிர் வந்தது. கொடுத்த வாக்கு ஒருவழியாகப் பிழைக்கப் போகிறது.

"எடுத்துட்டுப் போலாமாம்," என்றார் பாய்களைப் பார்த்து. ஒருவரும் எழவில்லை.

"இங்க காலை வெயில் நல்லா விழுது," என்றாள் வினார்சி. "புது இலை விட்டிருக்கு. வீட்டுல இருக்கறது உங்க சிகரெட் புகைதான்."

"உனக்காகத்தானே இத்தனை நாளா அலைஞ்சேன்?"

"அலைஞ்சீங்க. உட்காருங்க, பஜ்ஜி ஆறுது."

ஹெந்தார்தோ ஒரு தாளை நீட்டினார். "இரவலைத் திருப்பிக் கொடுத்ததா எழுத்துல காட்டணும், பாக். ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா நான் காலி லாரியோட போயிடுவேன்."

ஆந்தூரியத் தொட்டியின் விளிம்பிலேயே தாளை வைத்து, நாற்பத்திரண்டும் வீடு வந்து சேர்ந்ததாகத் துர்முதி கையெழுத்துப் போட்டார்.

அரசு ஆவணப்படி இன்றைக்கும் அந்தப் பூங்காவில் ஒரு செடிகூடக் கிடையாது. இல்லாத செடிகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் ஊற்றுவது துர்முதியின் முறை.