முர்ஸாவை விட்டுவந்த வளைவு

வளைவில் திரும்பியதும் முர்ஸாவின் வேன் கண்ணில் பட்டது. முன்சக்கரங்கள் இரண்டும் மலையோரக் கால்வாயில் இறங்கியிருக்க, பின்பக்கம் தூக்கிக்கொண்டு கிடந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கே விளக்குப் போட்டு ஓட்டவேண்டிய பனி. மண்வெட்டியோடு குனிந்திருந்தவன் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். என் வேன் என்று தெரிந்ததும் மறுபடி குனிந்துகொண்டான்.

போன பிப்ரவரியில் இதே சாலையில், வண்டி நின்றுபோய், என் தம்பி அன்ஸோர் உதவிக்குக் காத்து நின்றான். முர்ஸா நிறுத்தாமல் அவனைத் தாண்டிப் போனான். கால்மணி நேரத்தில் மேலேயிருந்து பனி சரிந்தது. மூன்றாம் நாள்தான் தோண்டி எடுத்தார்கள். சவப்பெட்டி இருந்த அறைக்கு முர்ஸா தானே வந்து, "பாத்தேன். நிறுத்தல" என்றான். ஏன் என்று எத்தனை பேர் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. அதன்பிறகு எங்கள் மலையூரான உஷ்குலியில் அவனோடு ஒரே மேசையில் யாரும் குடிப்பதில்லை. மெஸ்தியா சந்தைக்குப் பாலாடைக்கட்டி விற்கப்போகும் பிக்ரியா மட்டும் அவன் வண்டியில் ஏறுவாள். எனக்கு அந்த ஒதுக்கல் போதவில்லை. பனியிலிருந்து மீட்ட, நாலு சக்கரமும் இழுக்கும் தம்பியின் வேனை அக்கா நானே ஓட்ட ஆரம்பித்தது பிழைப்புக்குத்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் இப்படி ஒரு வளைவைத் தேடியபடிதான் ஓட்டினேன்.

கண்ணாடியை நாலு விரல் இறக்கினேன்.

"மக்வாலா, பிக்ரியாவ மட்டும் ஏத்திக்கோ" என்றான். "எனக்காகக் கேக்கல."

"உனக்காகக் கேட்டுத்தான் பாரேன். அவ ஏறட்டும். நீ உன் வண்டியிலயே கெட. பனி எப்படி மூடுதுன்னு உக்காந்து பாரு."

பிக்ரியா அவன் வண்டியிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் ஏறினாள். முர்ஸா அவளுடைய கூடையைத் தூக்கி என் வேனில் வைத்தான். கதவைச் சாத்திவிட்டுப் போய், எஞ்சின் செத்த தன் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டான்.

இரண்டாம் கியரிலேயே உருட்டினேன். சங்கிலி கட்டிய சக்கரங்கள் பனியைக் கடித்துக் கடித்து ஏறின. பிரேக்கைத் தொட்டால் வண்டி சறுக்கி, கீழே பள்ளத்தில் ஓடும் ஆற்றைத் தேடும். ஒரு வருஷமாக எரிந்த வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. குளிர் முதலில் அவன் விரல்களில் ஏறும், பிறகு முழங்காலில் என்று கணக்குப் போட்டபடி ஓட்டினேன்.

"நிறுத்து, மக்வாலா."

"எதுக்கு?"

"அன்னிக்கும் நான் அவன் வண்டியிலதான் இருந்தேன்."

நிறுத்தினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், கூடையின் பிடியைப் பார்த்துப் பேசினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழி, என் மக மடியில கெடந்தா. காய்ச்சல்ல உடம்பு தூக்கிப் போட்டுது. உன் தம்பியப் பாத்ததும் அவன் கியரக் கொறச்சான். நான்தான் கையப் புடிச்சி, 'போ, நிறுத்தாத, பனியில பாத மூடிரும்'னு கத்தினேன். அப்புறம் யார்கிட்டயும் சொல்லிடாதன்னு கால்ல விழுந்தேன். இன்னிக்கி வரைக்கும் அவன் சொல்லல."

"புள்ள?"

"நல்லா இருக்கா. பள்ளிக்கூடம் போறா."

நல்லா இருக்கா என்ற அந்தச் சொல்தான் எனக்கு அதிகம் ஆத்திரமூட்டியது. அதை மறைக்க மாட்டேன்.

"எறங்கு" என்றேன்.

அவளையும் விட்டுவிட்டுப் போகிறேன் என்றே நினைத்திருப்பாள். கூடையைக்கூட எடுக்காமல் இறங்கினாள்.

"பின்னாடி போய் நில்லு. இங்க திருப்ப எடமில்ல, ரிவர்ஸ்லயே போகணும். ஓரம் எனக்குத் தெரியல. நீதான் சொல்லணும்."

"அவனக் கூட்டிட்டு வரத்தானா?"

"அவன் வாயால கேக்கணும். அப்புறம் உங்க ரெண்டு பேரையும் என்ன பண்றதுன்னு யோசிக்கிறேன்."

பக்கக் கண்ணாடியில் படிந்த பனியைக் கையுறையால் துடைத்தேன். வண்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவே இரண்டடி இடத்தில் அவள் நின்றாள். கீழே எங்குரி ஆறு இரைந்தது. அவள் கை, வா வா என்றது. கிளட்ச்சை மெல்ல விட்டேன். வேன் பின்னால் நகர்ந்தது.

ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தால் போதும், அவள் ஆற்றில். அவள் விலகவில்லை.