பசுவுக்குக் கட்டிய முட்டைகோஸ்

அமெரிக்காவில், எடிசன் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு நோரீன் ஆன்ட்டி, கேட்காமலே உதவுகிற ரகம். அயர்லாந்தில் மாடு வளர்த்த குடும்பம். எண்பத்தாறில் என் மகள் பிறந்த இரண்டாவது வாரம் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. தொட்டால் உயிர் போனது. குழந்தை வாய் வைத்துப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதது. மறுநாள் ராத்திரிக்குள் சரியாகாவிட்டால் புட்டிப்பால்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேஜை மேலிருந்த அந்தப் பால்பவுடர் டப்பாவைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரமாக வந்தது.

விஷயம் தெரிந்ததும் நோரீன் ஆன்ட்டி காலையில் ஒரு முட்டைகோஸைக் கொண்டுவந்து, ஷ்யாமளாவின் பால்கட்டுக்கு என்று என் கணவர் வாஞ்சிநாதனிடம் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடிவிட்டார். பிள்ளை பெற்றவளுக்கு முட்டைகோஸ் ஆகாது, குழந்தைக்கு வாயு என்று மெட்ராஸிலிருந்து என் அம்மா ஃபோனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மனுஷர் என் கண்ணில் படாமல் அதைப் பொரியல் பண்ணி, தேங்காய் துருவிப் போட்டு, முக்கால்வாசியைத் தானே சாப்பிட்டுவிட்டார். எனக்காகத்தானாம். என்ன ஒரு தியாகம்.

மாலையில் ஆன்ட்டி வந்து, இலையை மாற்றினீர்களா என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. அது சாப்பிட இல்லையாம். குளிர்ந்த இலையை நசுக்கி மார்பில் வைக்க வேண்டுமாம். ஊரில் அவர் அம்மா, பசுவின் மடி வீங்கினாலும் அதைத்தான் கட்டுவாராம்.

"மாட்டு வைத்தியமா எனக்கு?" என்றேன் தமிழில்.

"மாடு ஒண்ணும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே. ட்ரை பண்ணித்தான் பாரேன்" என்றார் என் கணவர். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

ஆன்ட்டி தன் ஃப்ரிட்ஜிலிருந்து இன்னொரு முட்டைகோஸைக் கொண்டுவந்தார். என் சப்பாத்திக் குழவியாலேயே இலைகளை நசுக்கி, ஜாக்கெட்டுக்குள் வைத்தார். ஜில்லென்று இருந்தது. வலி மெல்ல அடங்கியது. ஆனால் பால் வரவில்லை. உள்ளே குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிவிட்டது. என் கண் மேஜை மேலிருந்த டப்பாவுக்குப் போனது.

என்ன செய்வதென்று தெரியாமல் என் கணவர் மிச்சப் பொரியலைக் கிண்ணத்தில் போட்டு ஆன்ட்டியிடம் நீட்டினார். முட்டைகோஸை வெறும் தண்ணீரில் வேகவைத்தே பழகியவர் அவர். ஒரு வாய் போட்டதும் மிளகாயில் கண் கலங்கியது. இருந்தும் விடவில்லை. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, இப்படித் தாளித்துக் கட்டியிருந்தால் எங்கள் பசு திரும்பித் தன் வைத்தியத்தைத் தானே தின்றிருக்கும் என்றார்.

நான் சிரித்துவிட்டேன். வாரம் முழுக்க அடக்கி வைத்த சிரிப்பு. நிறுத்த முடியவில்லை. சுரீரென்று மார்பில் ஏதோ இழுத்தது. ஜாக்கெட் நனைந்தது, புடவையும் நனைந்தது.

"குழந்தையைக் கொண்டாங்கோ, சீக்கிரம்" என்றேன்.

மகள் மடக் மடக்கென்று குடித்தாள். கடைவாயில் பால் வழிந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆன்ட்டியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மிளகாய் என்று சொல்லி.

என் கணவர் மேஜையைப் பார்த்தார். "அப்போ இந்த டப்பா?"

"அதையும் நீங்களே சாப்பிட்டுடுங்கோ" என்றேன்.