திரையில் இடித்த சுண்ணம்

மார்கழி வன்னியின்மேல் நீர்கொண்ட முகிலாய்த் தாழ்ந்து கிடந்தது. குளங்கள் நிறைந்து, மிகைநீர் வழிந்து வான் பாய்ந்தன. கதிர் பொதிந்த குடலைப் பருவத்து நெல், காற்று வந்த திசைக்கெல்லாம் சாய்ந்து நிமிர்ந்தது. விடியலில் கோயில்களில் எழும் பள்ளியெழுச்சி, ஈரத்தில் நனைந்து மருதமரங்களைத் தாண்டுமுன்னே தாழ்ந்து போயிற்று. கதிரவன் முகம் காட்டாத நாள்கள் அவை.

அந்த மழைக்குள்தான் ரஜிதன் இசையமைத்த முதற்படம் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் திரைக்கு வந்தது. கொலைப்பழி சுமந்த ஒருவன் பாழடைந்த அரிசி ஆலைக்குள் ஒளிய, துரத்துவோர் சுற்றி வளைக்கும் அடிதடிக் கதை. இயக்கியவன் அவன் நண்பன் கோகுலன்.

தாய் அருந்ததி படம் பார்க்க வருவார் என்று ரஜிதன் எண்ணியதில்லை. கணவர் ஏரம்பு கண்மூடிய பின் அவர் கோயிலன்றி வேறெங்கும் போனதில்லை.

"சரியான மழை அம்மா. பேந்து வீட்டிலயே போட்டுக் காட்டுறன்," என்று காலையில் சொல்லிப் பார்த்தான்.

"ஊரெல்லாம் உன்ர பாட்டைக் கேக்க, பெத்தவள் குசினிக்குள்ள குந்தியிருக்கிறதோ? நான் வாறன்."

இப்போது இருவரும் நடுவரிசையில் இருந்தார்கள். இரு பக்கமும் முழங்கால்கள் வழியை அடைத்தன. சாரல் அடிக்கிறதென்று கதவுகளையும் சாத்திவிட்டார்கள். ரஜிதன் சாத்திய கதவையே பார்த்திருந்தான்.

முன்பு ஏரம்புவின் செத்தவீட்டில், உடலுக்குப் பூசும் வாசனைப்பொடியான சுண்ணத்தை வழமைப்படி இடித்தார்கள். ஓதுவார் சுண்ணப் பாட்டைப் பாட, உறவுப் பெண்கள் உரலில் உலக்கை போட்டார்கள். "விடுங்கோ, நான் இடிக்கிறன்," என்று அருந்ததி உலக்கையை வாங்கிக்கொண்டார். அழுகையில் கை தளர்ந்து, மூன்றாம் அடிதோறும் உலக்கை உரலின் விளிம்பில் வழுக்கிற்று. அப்பாவுக்குப் பாடிய கடைசிப் பாட்டென்று ரஜிதன் அதைக் கைபேசியில் பதிந்து வைத்தான்.

மாதங்கள் சில கழிந்தன. உச்சக்காட்சிக்கு எந்த மேளமும் பொருந்தாமல் திண்டாடிய ஒருநாள், அந்த உலக்கை இடியை எடுத்துப் படத்தில் சேர்த்தான். தாயிடம் சொல்லவில்லை. பிறகு மனம் உறுத்தவே, நீக்கிவிடுவோம் என்று கோகுலனிடம் கெஞ்சினான்.

"விசரோ மச்சான்? அந்த நொண்டி அடியிலதான் உயிர் கிடக்கு. முன்னோட்டமும் போயிட்டுது, பெடியள் அதைத்தான் மேசையில தட்டித் திரியிறாங்கள். இனி எடுக்கேலாது."

இடைவேளையில் ரஜிதன் குனிந்து கேட்டான்: "அம்மா, களைச்சுப் போனியள் போல. வீட்டை போவமே?"

"எனக்கு ஒண்டுமில்லை. அந்தக் கள்ளனைப் பிடிக்கிறாங்களோ எண்டு பாக்கவேணும்."

பிடித்தார்கள். ஆலையின் கதவுகள் ஒவ்வொன்றாய் அடைபட்டன. நாயகன் சுவரோடு ஒட்டி நின்றான். இடி எழுந்தது. ஓர் அடி, இன்னோர் அடி, பின் விளிம்பில் வழுக்கும் அடி. அதன் அடியில் ஓதுவாரின் குரல் புகைபோல் இழைந்தது. அரங்கு சீட்டியடித்தது, முன்வரிசைப் பெடியள் காலால் தாளம் போட்டார்கள்.

அருந்ததியின் விரல்கள் கதிரைப்பிடியில் இறுகின. தன் கையின் தளர்ச்சி அவருக்குத் தெரியாதா? மகனை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து நின்று, மார்பருகே கைகளைக் குவித்தார்.

"அன்ரி, இருங்கோ! மறைக்குது!"

"கள்ளனுக்கோ கும்பிடுறா?" என்றது இன்னொரு குரல். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது.

ரஜிதனின் கை, தாயைப் பிடித்து இருத்துவதற்காக நீண்டது. திரையின் வெளிச்சத்தில் அவருடைய உதடுகள் தெரிந்தன. இரைச்சலுக்குள் மூழ்கிப்போன பாட்டை அவர் சொல் சொல்லாக மீட்டு ஓதிக்கொண்டிருந்தார். நீண்ட கை தானே மடங்கியது. அவனும் எழுந்தான், தாயின் பக்கத்தில் தலை தாழ்த்திக் கைகூப்பினான். பின்னாலிருந்து ஒரு கடலைச்சுருள் அவன் முதுகில் பட்டு விழுந்தது. அவன் அசையவில்லை. இடி ஓயும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

உட்கார்ந்ததும் அருந்ததி மகன் பக்கம் திரும்பினார்.

"என்னட்டைக் கேட்டிருக்கலாம் தம்பி."

"பயந்துபோனன் அம்மா."

"கேட்டிருந்தால் மாட்டனெண்டுதான் சொல்லியிருப்பன்." ஈரமான கண்களைச் சேலைத்தலைப்பால் ஒற்றினார். பின்பு கைப்பையிலிருந்து திருநீறு எடுத்து, "சிவசிவா" என்று மெல்லச் சொல்லி, குனிந்த மகனின் நெற்றியில் பூசினார்.

"முறிகண்டிப் பிள்ளையார் உனக்குத் துணை நிப்பார். மேல போன கொப்பரும் உன்னோட இருப்பார். நல்லாயிரு, ராசா."